சாங்வி வீட்டுச் சைகஸுக்கு மருந்தடித்த கதை

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவன் சொன்ன நேரத்துக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. சொன்ன நேரத்துக்குப் போனால் துவைத்துப் போட்ட திரைச்சீலையையும் முந்திரி மிதக்கும் கேசரியையும் பார்த்துவிட்டு வரலாம், வீட்டைப் பார்க்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகக் கடிதம் போட்டுவிட்டு, காலையிலேயே புனே ஸ்டேஷனில் பையும் குடையுமாக இறங்கி நின்றேன். தொண்ணூறுகளின் கடைசி, ஜூலை மாதம். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

இந்தக் கள்ளத்தனம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரத்தில் எனக்கு உரம், பூச்சி மருந்துக் கடை. இரண்டு பெண்கள். மூத்தவள் மாலதிக்கு ஊரே மெச்சும்படி கல்யாணம் செய்தேன். அந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் முன்னால் போய்ப் பார்த்தவன் நான்தான். நல்ல கேசரி. பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள், கை நீட்ட மாட்டார்கள், சமையலறையைப் பூட்டிச் சாவியை மாமியார் இடுப்பில் செருகிக்கொள்வார். பேச்சு இல்லை, சோறும் இல்லை. சாம்பாரில் உப்பு கூடியதற்கு ஒன்றரை நாள். மாலதி இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தாள். அதிலிருந்து என்னோடு கடையில்தான் இருக்கிறாள்.

இப்போது இளையவள் சுமதிக்குப் புனேயிலிருந்து வரன். பையன் கார்த்திக் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அப்பா ராமசாமிக்கு ஆகுர்டியில் வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை, வீடு சாங்வியில். பழனிப் பக்கத்துக்காரர்கள், அங்கே போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. நான் கிளம்பும்போது மாலதி என் பையில் இரண்டு டப்பா பஞ்சாமிர்தத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "சம்பளம், வீடு எல்லாம் விடுங்கப்பா. அந்த வீட்ல கோபம் வந்தா என்ன பண்றாங்கன்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

வந்த விருந்தாளி முன்னால் யாரம்மா கோபப்படுவார்கள் என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

புனே பஸ்களில் ஊர்ப் பெயர் மட்டுமல்ல, எண்ணும் நாகரியில்தான் எழுதியிருக்கிறது. நம் ஊரில் எழுத்துத் தெரியாதவர்கூட நம்பரைப் பார்த்து ஏறிவிடலாம். இங்கே நான் எழுத்தும் தெரியாதவன், எண்ணும் தெரியாதவன். ஒருவரிடம் சாங்வி போகுமா என்று கையால் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதவில்லை. டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியை டிக்டிக் என்று என் காதருகே சொடுக்கினார். பஸ் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் என் தோளைத் தொட்டு, "பெரியவரே, வண்டி இதுக்கு மேல போகாது, பிம்ப்ரி வந்தாச்சு" என்று மராட்டியில் சொன்னார். பிம்ப்ரி என்ற சொல்லை வைத்து மிச்சத்தை நானே புரிந்துகொண்டேன்.

இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியபோது ஒரு வாசனை வந்தது. என் மனைவி இருபத்தெட்டு வருடமாகத் திட்டுகிற வாசனை. சட்டையில், தலையணையில், என்னில் இருக்கும் அதே பூச்சி மருந்து நெடி. மூக்கு போன வழியில் போனேன், மார்க்கெட் ஓரத்தில் ஒரு மருந்துக் கடை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி உள்ளே போய் நின்றேன். வெள்ளைத் தொப்பி போட்ட கடைக்காரரிடம் பாட்டில்களைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, நானும் இதே ஜாதி என்று விளக்கினேன். மனிதர் சிரித்து ஸ்டூலைத் தள்ளினார். விரல் உயரக் கண்ணாடி டம்ளரில் இஞ்சி டீ வந்தது. ராமசாமி எனக்கு எழுதியிருந்த கடிதத்தை நீட்டினேன், அதிலிருந்த நம்பருக்கு அவரே போன் செய்தார். அரை மணி நேரத்தில் ராமசாமி மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"சாயந்தரம்னு எழுதியிருந்தீங்களே?" என்றார். ரயில் சீக்கிரம் வந்துவிட்டது என்றேன். எட்டு மணி நேரம் சீக்கிரம் வருகிற ரயில் எது என்று அவர் கேட்கவில்லை. திடீரென்று போய் நிற்கிற என் திட்டம், நனைந்த பூனையாக ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போவதில் முடிந்தது.

சாங்வியில் தரைத்தள வீடு. முன்னால் ஒரு கதவு, பின்னால் கொஞ்சம் மண். கார்த்திக்கின் அம்மா சரோஜா என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து நீட்டி, "வாங்கண்ணே, பாணி கொதிக்குது, குளிச்சிருங்க" என்றார். தண்ணீரைத்தான் சொல்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. காய் என்றால் பாஜி, மளிகை என்றால் கிராணா. நடுநடுவே அச்சு அசலாகப் பழனிப் பேச்சு. மத்தியானச் சாம்பாரில் வெல்லம் இனித்தது. எங்கள் ஊரில் அந்தச் சாம்பாரைப் பாயசத்துக்குப் பக்கத்தில் ஊற்றியிருப்பார்கள். பெண் வீட்டுக்காரன், பிரமாதம் என்று சொல்லி இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கார்த்திக் வந்தான். வந்த வேகத்தில் குனிந்து என் காலைத் தொட்டான். அந்த ஊர் வழக்கம். நான் பதறிப் பின்வாங்கியதில் நாற்காலி சாய்ந்தது. தமிழ் அவனுக்குக் கொஞ்சம் நின்று நின்றுதான் வந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, சரிதானா என்று அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னான். பையனை எனக்குப் பிடித்துப் போயிற்று. அதுதான் பயமாகவும் இருந்தது, மூத்த மாப்பிள்ளையையும் எனக்கு முதல் நாளே பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் காலை கொல்லையைப் பார்த்ததும் என் நெஞ்சு பதறிவிட்டது. எலுமிச்சை இலை எல்லாம் ஓரம் கடிபட்டிருந்தது. பந்தலில் அவரை, பூவெல்லாம் ஓட்டை. வேலியோரம் நீலப் பூ சித்திரமூலம், அதன் மொட்டையும் ஏதோ தின்றிருந்தது. நடுவில் பெரிய சிமெண்ட் தொட்டியில் ஒரு சைகஸ். பார்ப்பதற்குக் குட்டைப் பனை மாதிரி இருக்கும், இதன் இலையைத்தான் நம் கல்யாண மண்டபங்களில் மேடைக்கு இரண்டு பக்கமும் சொருகுவார்கள். வருடத்துக்கு ஒரு தரம் நடுக்குருத்திலிருந்து மொத்தமாகத் தளிர் விடும். அந்தத் தளிர் போனால் அடுத்த வருடம்தான். இந்தச் சைகஸ் அப்போதுதான் தளிர் விட்டு, நுனி இன்னும் சுருண்டிருந்தது. அந்த இளந்தளிர் முழுக்கப் புழு. பச்சையில் சில, செந்நிறத்தில் சில, அரிசி அளவிலிருந்து அரை விரல்கடை வரைக்கும். மேலேயும் கீழேயும் எறும்பு வேறு ஊர்ந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருடமாக மருந்து விற்கிறவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? கை அரித்தது. ஆனால் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டில் போய், உங்கள் செடியில் புழு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சாம்பாரையே சொல்லவில்லை. குறை சொன்ன மாதிரி இருக்கக் கூடாது, செடியும் பிழைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு செடி தளதளவென்று நிற்கும், அப்போது மெல்லச் சொன்னால் சம்பந்தி கெட்டிக்காரர் என்று பேசிக்கொள்வார்கள். இப்படியெல்லாம் எனக்குள் ஓடியது.

முதல் நாள் உதவிய கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு பிம்ப்ரிக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை ராமசாமி பஸ் எண்ணைக் காகிதத்தில் நாகரியிலேயே வரைந்து கொடுத்திருந்தார். கடைக்காரர் பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அலமாரியிலிருந்த ஒரு சின்ன பாட்டிலையும் கைத் தெளிப்பான் ஒன்றையும் நான் காட்டினேன். எந்தப் பயிருக்கு என்று அவர் கேட்டது புரிந்தது. சைகஸை எப்படிக் கையால் காட்டுவது? விரல்களை விரித்துக் காட்டினேன். தென்னை என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்தேன். காற்று கிளம்பும் முன் அடித்துவிட வேண்டும், அதுதான் முறை. வீடு தூங்கிக்கொண்டிருந்தது. அளவு மூடி ஒன்று போதும், மாப்பிள்ளை வீட்டு மரியாதைக்காக இன்னொன்றும் ஊற்றினேன். தளிரின் மேல், கீழ், தண்டு எல்லாம் நனைய அடித்தேன். புழுக்கள் சுருண்டு சுருண்டு தொட்டியில் விழுந்தன. எறும்புகள் சிதறி ஓடின. தெளிப்பானைப் பையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வழக்கம் இருந்தது. மூவரும் டீயை எடுத்துக்கொண்டு கொல்லையில் அந்தச் சைகஸைச் சுற்றி உட்காருவார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். சரோஜா டீயை ஒரு வாய் குடித்தார். மூக்கைச் சுருக்கினார். எழுந்து தொட்டியருகே போய்க் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்ணுகூட இல்லடா" என்றார் மகனிடம்.

புழு இல்லை என்று சந்தோஷப்படுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவர் குரலைக் கேட்டேன். கார்த்திக் ஓடி வந்து பார்த்தான். அவையெல்லாம் நீல வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் என்றும், வருடம் முழுக்க இதற்காகத்தான் காத்திருப்பதாகவும், என் முகத்தில் ஈயாடாததைப் பார்த்து ராமசாமி எனக்கு விளக்கினார். அந்தப் பூச்சி இந்த ஊரில் சைகஸில்தான் முட்டை போடும், அதுவும் சுருள் விரியாத தளிரில்தான், நான்கு நாள் கழிந்தால் இலை முற்றிப் புழுவுக்குப் பல் இறங்காது என்றார். பக்கத்து அடுக்குமாடியில் வரிசையாகச் சைகஸ் வைத்திருக்கிறார்களாம், அங்கே தளிர் வந்ததும் தோட்டக்காரர் மருந்தடிப்பாராம். அந்த மருந்துதான் சுவர் தாண்டி வந்துவிட்டது என்று கார்த்திக் சொன்னான்.

எனக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்தை நான் மறைக்க விரும்பவில்லை. சுமதியின் கல்யாணம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தெளிப்பான் என் பையில் இருக்கிறது, பை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தலையை ஆட்டி, அட பாவமே என்று சொன்னேன். சொன்னவன் நான்தான்.

அதற்குள் சரோஜா, ஏதாவது ஒன்றாவது பிழைத்திருக்குமா என்று வெறுங்கையால் தளிரை விலக்கப் போனார். நான் விற்ற மருந்து கையில் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"தொடாதீங்கம்மா. ரெட்டைப் பங்கு ஊத்தியிருக்கு. நான்தான் அடிச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். குறை சொல்லக் கூடாது என்று நினைத்தது, பிம்ப்ரிக்குப் போனது, விடியலில் எழுந்தது எல்லாம். ராமசாமியின் முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுச் செடிய எங்களக் கேக்காம எப்படிங்க தொடுவீங்க?" என்றார். சத்தமாகவே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாலதி கேட்ட கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருக்கிறது, அதைக் கிளப்பிவிட்டவன் நானே. சம்பந்தம் போனது போனதுதான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

சரோஜா என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பார்வை மெல்ல என் கைக்கு இறங்கியது, நான் பிடித்திருந்த டீ டம்ளருக்கு.

"நீங்க கையக் கழுவுனீங்களாண்ணே?"

கழுவவில்லை. வாங்கிப் போகிற ஒவ்வொரு விவசாயிக்கும், அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவு என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்கிறவன், அவசரத்தில் வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சரோஜா டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தார். குழாயடியில் சோப்பை என் கையில் கொடுத்து, மூன்று தரம் தேய்த்துக் கழுவும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அன்று முழுக்க வேலை இருந்தது. மருந்து தளிருக்குள் இறங்கியிருக்கும், இனி எது வந்து தின்றாலும் சாகும், அதனால் தளிரை வெட்டி எடுத்துவிடுவதுதான் ஒரே வழி என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பால் கவர்களைக் கையில் கட்டிக்கொண்டு நானும் கார்த்திக்கும் ஒவ்வொன்றாக வெட்டினோம். எலுமிச்சையிலும் அவரையிலும் சாரல் பட்டிருக்கும் என்று அவன் தண்ணீர் ஊற்றி இலை இலையாகக் கழுவினான். என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் கழுவிய தண்ணீர் என் பக்கம் வந்தபோது, "அங்கிள், கால்... தள்ளி வைங்க" என்றான். குருத்தின் பஞ்சுக்குள் மருந்து இறங்காத இடுக்கில் ஐந்து கூட்டுப்புழுக்கள் இருந்தன. அவன் அதைக் காட்டியபோது நான் எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

மத்தியானம் எனக்குச் சாப்பிட உட்காரக் கூச்சம். பசியில்லை என்று சொல்லிக் கூடத்திலேயே இருந்தேன். சரோஜா வந்து என் முன்னால் தட்டை வைத்தார்.

"எனக்கு இன்னும் கோபம் போகலண்ணே. போக ரெண்டு நாளாகும். அதுக்காக நீங்க பட்டினி கிடக்காதீங்க."

சொல்லிவிட்டுச் சோறு போட்டு, அந்த இனிப்புச் சாம்பாரை ஊற்றினார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். இந்தத் தடவை மரியாதைக்காக இல்லை.

சாப்பிட்ட பிறகு அவரே சைகஸ் வந்த கதையைச் சொன்னார். யாரோ புழு விழுந்த செடி என்று குப்பையில் போட்டதை ராமசாமி ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுவந்தாராம். முதல் வருடம் சரோஜாவும் புழுவை எல்லாம் குச்சியால் எடுத்து எடுத்துப் போட்டிருக்கிறார். கண்ணில் படாமல் தப்பிய ஒன்று, கொடியில் காய்ந்த அவர் புடவையில் ஒரு நாள் நீலமாக உட்கார்ந்திருந்ததாம். அதிலிருந்து எடுப்பதில்லை. அப்புறம் ஒவ்வொரு செடியாக மற்ற நீல வண்ணத்துப்பூச்சிகளுக்கும் வைத்தாராம். எலுமிச்சைக்கு ஒன்று வரும், சித்திரமூலத்துக்கு வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஒன்று வரும், அவரைக்கு ஒன்று வரும். எறும்பைப் பற்றிக் கேட்டேன். புழு சுரக்கும் தித்திப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும் என்றார். நான் சிதற அடித்தது அந்தக் காவலையும் சேர்த்துத்தான்.

அவரைப் பூ ஒன்றைப் பிரித்து உள்ளே இருந்த பச்சைப் புழுவைக் காட்டினார். எனக்குத் தெரிந்த முகம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அவரைக்காய் கொண்டுவருகிறவர்கள் இதற்காகவே என்னிடம் மருந்து வாங்கிப் போகிறார்கள். இது பறக்கும்போது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, பறக்கும் என்பதையே நினைத்ததில்லை. அவரை போட்டவன் என்ன செய்வான், அவனுக்குக் காய் வேண்டும், எனக்கும் கடை வேண்டும். இருந்தாலும் வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, நான் கிளம்பும் நாள், சரோஜா கொல்லையிலிருந்து கூப்பிட்டார். ஐந்தில் ஒன்று வெளியே வந்திருந்தது. கசங்கிய துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அடிப்பக்கம் சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு கரும்புள்ளி, அதற்கு மேல் ஆரஞ்சு. பின்னால் மயிரிழை போல ஒரு வால். இறக்கையை விரித்தபோது நடுவில் நீலம். என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"இது பொட்டை. முட்டை போடத் தளிர் தேடும்" என்றார் சரோஜா. "நம்மகிட்ட இப்ப இல்ல. எங்கயாச்சும் தேடிக்கட்டும்."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் அதிகமாகக் குத்தியது. பூச்சி வெட்டுப்பட்ட குருத்தை இரண்டு தரம் சுற்றிவிட்டுச் சுவருக்கு அப்பால் போயிற்று.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ராமசாமி ஒரு எஸ்டிடி பூத் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். வீட்டில் காத்திருப்பார்கள், பேசிவிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு, கேட்காத தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்றார். என் கடைக்குப் போன் போட்டேன். மாலதிதான் எடுத்தாள். புழுவிலிருந்து கூட்டுப்புழு வரைக்கும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்வாள், அப்பா நீங்கள் திருந்தவே மாட்டீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் இல்லை. கோபப்பட்டார்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"மத்தியானம் சோறு போட்டாங்களாப்பா?" என்றாள்.

"போட்டாங்கம்மா. கோபம் இன்னும் போகலன்னு சொல்லிக்கிட்டே போட்டாங்க."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் இரண்டு தரம் மாலதி, மாலதி என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"சுமதியக் குடுத்துருங்கப்பா" என்றாள்.